கணினி கேள்வி–பதில்: கையால் ஓட்டினால் கிடைக்கிறது, க்ரானில் கிடைக்கவில்லை

கேள்வி: தேயிலைத் தோட்டத்து மழைமானி அளவுகளை ஓர் உபுண்டு கணினியில் பதிந்து வருகிறோம். தினமும் காலை 6 மணிக்கு அவற்றை ஆர்குளோன் (கோப்புகளை இணையச் சேமிப்பகத்துக்கு அனுப்பும் கருவி) வழியாக அனுப்ப ஒரு பைத்தான் நிரல் எழுதினேன். ஆர்குளோனை என் ஹோம் கோப்புறையில் 'பின்' என்ற கோப்புறைக்குள் வைத்திருக்கிறேன். பைத்தானின் எஸ்எச்யூட்டில் (shutil) தொகுதியிலுள்ள விச் (which) ஃபங்ஷன்தான் அதைத் தேடித் தருகிறது. டெர்மினலில் ஓட்டினால் சரி. குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே ஓட்டும் க்ரானில் போட்டால் விச் 'நன்' (None, எதுவும் இல்லை) என்கிறது. ஐப்பசி மழைக்குள் இது சரியாக வேண்டும்.
— வாசகர், கோத்தகிரி

பதில்: விச் மீது தவறில்லை. அது கணினி முழுவதும் தேடுவதில்லை. நிரல்களை எங்கே தேடுவது என்று சொல்லும் பாத் (PATH) என்னும் சூழல் மாறியில் எழுதியுள்ள கோப்புறைகளை மட்டும் வரிசையாகப் பார்த்து, முதலில் அகப்படும் இயக்கக்கூடிய கோப்பின் முழு முகவரியைத் தரும். நீங்கள் லாகின் செய்யும்போது உபுண்டுவின் ப்ரொஃபைல் கோப்பு உங்கள் 'பின்'னைப் பாத்தில் சேர்க்கிறது. க்ரான் அந்தக் கோப்பைப் படிப்பதே இல்லை. அதற்குத் தெரிந்தவை பெரும்பாலும் /யூஎஸ்ஆர்/பின், /பின் என்ற இரண்டுதான். சந்தேகமிருந்தால் சூழல் மாறிகளைக் காட்டும் 'என்வ்' கட்டளையின் வெளியீட்டை ஒரு கோப்பில் எழுதும்படி க்ரானில் ஒரு வரி போட்டுப் பாருங்கள்.

க்ரானின் வேலைப் பட்டியல் கோப்பான க்ரான்டேப்பின் தலையில் பாத் வரியை முழுதாக எழுதிவிடுவது நல்ல தீர்வு. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: டாலர் குறி போட்டுப் பழைய பாத்தோடு புதியதை ஒட்டுவார்கள். க்ரான்டேப் டாலரை விரிக்காது; எழுதிய எழுத்துகளை அப்படியே எடுத்துக்கொள்ளும். எல்லாக் கோப்புறைகளையும் முழு முகவரியாக, இடையில் முக்காற்புள்ளி இட்டு எழுதுங்கள். ஹோம் கோப்புறையைக் குறிக்கும் அலைக்குறியும் (~) வேண்டாம். பாத்துக்குள் அலைக்குறி அப்படியே கிடந்தாலும், டெர்மினலில் கட்டளைகளை ஏற்கும் பாஷ் அதை ஹோம் கோப்புறையாகப் புரிந்துகொள்ளும். பைத்தானின் விச் புரிந்துகொள்ளாது. டெர்மினலில் கட்டளை ஓடியும் விச் கைவிரிக்கும் விசித்திரத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

நிரலுக்குள்ளேயே தீர்க்க விரும்பினால் விச்சுக்கு 'பாத்' என்ற மூன்றாவது உள்ளீட்டைக் கொடுக்கலாம். அது இருக்கும் பாத்தோடு சேராது, அதற்குப் பதிலாக உட்காரும். ஆகவே இரண்டையும் நீங்களே இணைத்துக் கொடுக்க வேண்டும். பிரிக்கும் குறி லினக்ஸில் முக்காற்புள்ளி, விண்டோஸில் அரைப்புள்ளி. அந்தந்தக் கணினிக்குரிய குறியைத் தரும் ஓஎஸ் தொகுதியின் பாத்செப்பைப் பயன்படுத்தினால் இரண்டிலும் ஓடும்.

அதன் பிறகும் 'நன்' வந்தால் கோப்புக்கு இயக்க அனுமதி உண்டா என்று பாருங்கள். கோப்பு கண்ணெதிரே இருந்தாலும் அந்த அனுமதி இல்லையென்றால் விச் அதைத் தாண்டிப் போய்விடும். அதைக் கொடுக்க சிஎச்மாட் பிளஸ் எக்ஸ் (chmod +x) கட்டளை போதும். விச் தந்ததைச் சோதிக்காமல், வேறு நிரலை ஓட்டும் சப்ப்ராசஸ் தொகுதிக்கு அனுப்பாதீர்கள். 'நன்' போனால் அங்கே டைப் எரர்தான் வரும், கோப்பு இல்லை என்ற உண்மை அதில் தெரியாது. 'நன்' என்றால் அப்போதைய பாத்தை லாகில் எழுதிவிட்டு நிரலை நிறுத்துங்கள்.

கேள்வி: விண்டோஸில் படங்களைச் சுருக்க இமேஜ்மேஜிக் போட்டிருக்கிறேன். விச்சிடம் 'கன்வெர்ட்' கேட்டால் சிஸ்டம்32 கோப்புறையைக் காட்டுகிறது, ஏன்?
— வாசகி, ஊட்டி

பதில்: அதே பெயரில் விண்டோஸுக்குச் சொந்த நிரல் ஒன்று உண்டு, வட்டை என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றுவது அதன் வேலை. சிஸ்டத்தின் பாத் முன்னால் வரும், பயனரின் பாத் அதன் பின்னால் ஒட்டும். எனவே அதுதான் முதலில் அகப்படுகிறது. இமேஜ்மேஜிக் 7இல் கட்டளையின் பெயரே 'மேஜிக்' (magick), அதைத் தேடுங்கள். விண்டோஸில் விச் பாத்துக்கு முன்பே நடப்புக் கோப்புறையையும் பார்க்கும் என்பதால், அங்கே அதே பெயரில் ஒரு பேட்ச் (.bat) கோப்பு கிடந்தால் அதுவே மாட்டும்.

கேள்வி: தரவுக் கோப்புகளைத் தேடவும் விச் உதவுமா?
— கல்லூரி மாணவர், குன்னூர்

பதில்: லினக்ஸில் 'மோட்' உள்ளீட்டில் ஆர்_ஓகே (படிக்க அனுமதி உண்டா என்ற சோதனை) கொடுத்தால் உதவும். ஆனால் விண்டோஸில் பாத்எக்ஸ்ட் நீட்சிகள் (.exe போன்றவை) குறுக்கே வரும். கோப்புறைப் பட்டியலைப் பைத்தானின் பாத்லிப் தொகுதி கொண்டு ஒரு ஃபார் சுற்றில் பார்த்து, 'இஸ்_ஃபைல்' (கோப்பு இருக்கிறதா) உண்மையானதும் நிறுத்துங்கள். நான்கு வரிகளில் முடியும்.