மலையும் மழையும்: வாசகர் கேள்வி–பதில்

வாசகி, கேத்தி (நீலகிரி): கோழிக்கோடு கடற்கரை இங்கிருந்து நேர்கோட்டில் நூறு கிலோமீட்டர் சொச்சம்தான். அங்கே ஜனவரியிலும் வேர்க்கிறது, இங்கே உறைபனி. அதிலும் மேட்டுத் தோட்டம் தப்பிவிடுகிறது. ஓடையோரத்து என் உருளைக்கிழங்குதான் கருகுகிறது. ஏன்?

பதில்: ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். கடலோரச் சராசரி 27, 28 என்றால், 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டிக்கு 13, 14தான் மிஞ்சும். ஆனால் உயரம் மட்டும் உறைபனியைக் கொண்டுவராது. மேகமில்லாத வானமும் காற்றசையாத, ஈரப்பதம் குறைந்த இரவும் வேண்டும்; டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இவை சேர்ந்து வரும். பகலில் வாங்கிய சூட்டை மண் வானத்துக்கே விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, தண்ணீர் மாதிரியே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். உங்கள் பாத்தி அந்தக் குளத்தின் அடியில் கிடக்கிறது. வானிலை நிலையம் 3 டிகிரி என்று சொன்ன காலையிலும் புல் வெளுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் வெப்பமானி இருப்பது தரைக்கு நாலடி மேலே.

பாத்திக்குக் கீழ்ப்புறம் அடர்ந்த வேலி இருந்தால் முதலில் அதில் இடைவெளி விடுங்கள்; குளிர்காற்றை அணை கட்டி நிறுத்துவது அதுதான். முந்தின நாள் மதியம் மண்ணை நனைத்து வையுங்கள், ஈரமண் சூட்டைக் கூடுதலாகப் பிடித்து வைக்கும். செடிக்கு நடுவே வைக்கோல் பரப்புவது பலர் செய்யும் தவறு. மண்ணின் சூடு மேலே வராமல் போகும். பொழுது சாயுமுன் குச்சி நட்டு, இலையில் படாமல் சாக்கு போர்த்தி, காலையில் வெயில் ஏறியபின் எடுங்கள். தெளிப்பான் வைத்திருந்தால் பனி முழுக்கக் கரையும்வரை ஓடட்டும். பாதியில் நிறுத்தினால், நனைந்த இலை ஆவியாதலில் இன்னும் குளிர்ந்து, தெளிக்காத செடியைவிட மோசமாகும்.

வாசகர், கோத்தகிரி: ஜூலையில் கூடலூரில் அடைமழை, இங்கே தூறல்தான். நவம்பரில் தலைகீழ். எப்படி?

பதில்: தென்மேற்குக் காற்று அரபிக்கடல் ஈரத்தோடு வந்து மேற்குச் சுவரில் மோதி ஏறும்போது குளிர்ந்து கொட்டிவிடுகிறது. கூடலூர், தேவாலா, அவலாஞ்சி எல்லாம் அந்தப் பக்கம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. உச்சியைத் தாண்டி இறங்கும் காற்று சூடேறி வறண்டுவிடும். அக்டோபர், நவம்பரில் வங்கக்கடல் காற்று உங்கள் கிழக்குச் சரிவில் மோதுகிறது. குன்னூர் பாதையில் மண்சரிவுச் செய்திகள் அந்த மாதங்களில் குவிவதும் அதனால்தான். வடக்கே மசினகுடிக்கு இரண்டிலும் மிச்சம்தான் கிடைக்கும், அங்கே முட்புதர்க்காடு.

வாசகர், பந்தலூர்: நம் ஊர்த் தண்ணீர் எந்தக் கடலுக்கு?

பதில்: பாண்டியாறு, புன்னம்புழையோடு சேர்ந்து சாலியாறு வழியாக பேப்பூரில் அரபிக்கடலுக்குப் போகிறது. பைக்காரா தண்ணீரோ மாயாறாகிப் பவானிசாகர், காவிரி என்று வங்கக்கடலுக்கு.