கராஜ் கம்ப்ரஸர் லைனுக்கு பிவிசி பைப் போடலாமா?

2 ஹெச்பி சிங்கிள் ஃபேஸ் கம்ப்ரஸருக்கு, மிச்சமிருக்கும் பிவிசி பைப்பிலேயே லைன் இழுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். தண்ணீர் லைனில் பிவிசி விரிசல் விட்டால் ஒழுகும், அவ்வளவுதான். அமுக்கிய காற்று அப்படியல்ல. 8 பார் அழுத்தத்தில் பைப் வெடித்தால் சில்லுகள் கண்ணில் பாயும். மாதக்கணக்கில் தாங்கிவிட்டு ஒருநாள் திடீரென்று வெடிக்கும் என்பதுதான் இதன் ஆபத்தே.

அரை அங்குல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) அல்லது செம்புக் குழாய் போடுங்கள். சூடான காற்று குளிரும்போது குழாய்க்குள் நீர் சேரும். அதனால் மீட்டருக்கு ஒரு செ.மீ. சரிவு கொடுத்து, தாழ்ந்த முனையில் அந்த நீரைத் திறந்துவிட ஒரு பால் வால்வு (ball valve) வைத்துவிடுங்கள். கிளைகளை மெயின் குழாயின் மேல்பக்கத்திலிருந்து எடுத்து, வளைத்துக் கீழே இறக்க வேண்டும். அடியில் எடுத்தால் அந்த நீர் நேராக ஸ்ப்ரே கன்னுக்குள் போய், பெயின்டில் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

டேங்குக்கும் குழாய்க்கும் நடுவே ஃப்ளெக்ஸிபிள் ஹோஸ் கட்டாயம். கம்ப்ரஸரின் கால்களுக்கு ரப்பர் பேட்; தரையோடு இறுக்கி போல்ட் போட்டால் அதிர்வில் டேங்கின் வெல்டிங் விரியும்.

மின்சாரத்துக்குத் தனி லைன்: 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர், 20 ஆம்பியர் 'சி' வகை எம்சிபி (மின்னோட்டம் மிஞ்சினால் தானாக அணையும் சுவிட்ச்), எர்த். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் ஓட்டினால் வோல்டேஜ் இறங்கி, மோட்டார் சுற்றாமல் உறுமும், அதன் காயில் (கம்பிச்சுருள்) கருகும்.

கடைசியில் ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள்; குமிழி வந்தால் அங்கே காற்று கசிகிறது.