பிரெஞ்சு சரியாகத் தெரியாமல் பிரான்சுக்குப் படிக்கப் போனால் அன்றாட வாழ்க்கையைச் சமாளிக்க முடியுமா?

பாடம் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது, அப்புறம் பிரெஞ்சு எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக உங்களுக்கு அட்மிஷன் கடிதம் வந்திருக்கும், விசாவுக்கு அலைந்துகொண்டிருப்பீர்கள், கன்சல்டன்சிக்காரர் "அதெல்லாம் அங்க போனா தானா வந்துடும்" என்று சொல்லியிருப்பார். எனக்கும் அதையேதான் சொன்னார்கள். போன முதல் மாதத்தில் தானாக வந்தது சளி மட்டும்தான்.

2021 செப்டம்பரிலிருந்து இரண்டு வருடம் லியோனில் முதுகலை படித்தேன். பாரீஸ் இல்லை, லியோன். ஊரில் இன்றைக்கும் என்னைப் "பாரீஸ்ல படிச்ச பையன்" என்றுதான் சொல்கிறார்கள். பாரீசிலிருந்து வேக ரயிலிலேயே இரண்டு மணி நேரம் என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் விட்டுவிட்டேன். பாரீசில் இருப்பவர்கள் "லா சப்பேல் பக்கம் போனால் தமிழிலேயே ஒரு நாளை ஓட்டிவிடலாமே" என்பார்கள். உண்மை, நானும் போய்ப் பார்த்திருக்கிறேன். புதுச்சேரிக்காரர்கள் இன்னும் வேறு கதை சொல்வார்கள். நான் சொல்வது திண்டுக்கல் பக்கத்திலிருந்து பிரெஞ்சில் ஆரம்ப நிலையான ஏ1 சான்றிதழோடு விமானம் ஏறிய ஒருவனுடைய கதை மட்டும்.

வகுப்புக்குள் ஒரு சிக்கலும் இல்லை. பேராசிரியர்கள் ஆங்கிலத்தில் நடத்தினார்கள், தேர்வும் ஆங்கிலத்தில். மதியம் பல்கலைக்கழக உணவகத்தில் அப்போது 3.30 யூரோவுக்குத் தட்டு நிறையச் சாப்பாடு. விரலைக் காட்டினாலே போதும், கரண்டியில் அள்ளிப் போட்டுவிடுவார்கள். ஆனால் விரலை நீட்டுவதற்கு முன்னால் "போன்ஜூர்", அதாவது வணக்கம், சொல்லியிருக்க வேண்டும். கடையோ பேருந்தோ மருந்தகமோ, உள்ளே போனதும் முதல் சொல் அதுதான். நம் ஊர்க் கடையில் போய் நின்று "அண்ணே, அரைக் கிலோ சர்க்கரை" என்று ஆரம்பிப்போம் இல்லையா, அதை அங்கே செய்தால் முகம் சுருங்கிவிடும். பிரெஞ்சுக்காரர்கள் திமிர் பிடித்தவர்கள் என்று எழுதுகிறவர்களில் பாதிப் பேர் போன்ஜூர் சொல்லாமல் கேள்வி கேட்டவர்கள் என்பது என் சந்தேகம். ஆதாரம் கேட்காதீர்கள்.

சிக்கல் தொடங்குவது தொலைபேசியில். நேரில் என்றால் கை, கண், கூகுள் எல்லாம் துணைக்கு இருக்கும். போனில் எதுவும் கிடையாது. அதிலும் எண்கள். அந்த ஊரில் போன் நம்பரை இரண்டிரண்டு இலக்கமாகத்தான் சொல்வார்கள். 70க்கு அறுபது-பத்து, 80க்கு நாலிருபது, 98க்கு நாலிருபது-பதினெட்டு. எதிர்முனையில் "காத்ர்" என்றதும் 4 என்று எழுதுவேன். "வான்" என்றதும் அதை அடித்து 80 ஆக்குவேன். "தீஸ்வித்" என்பதற்குள் அடுத்த ஜோடி போயிருக்கும். பக்கத்திலிருக்கும் ஜெனீவாவில் 70க்கும் 90க்கும் ஒழுங்காகத் தனிச் சொல் வைத்திருக்கிறார்கள். (நமக்கும் சிரிக்க உரிமை இல்லைதான். எண்பதில் எட்டு ஒலிக்கிறது, தொண்ணூறில் ஒன்பதைத் தேடிப் பாருங்கள்.)

நான் பிறந்தது 1998இல். அங்கே மருத்துவக் காப்பீட்டுக்கு ஓர் எண் கொடுப்பார்கள். ஆண் என்றால் 1, அடுத்து பிறந்த வருடத்தின் கடைசி இரண்டு இலக்கம், பிறந்த மாதம், வெளிநாட்டில் பிறந்தவர் என்பதற்கு 99. ஆக என் எண்ணின் தொடக்கத்திலேயே 98ம் 99ம் நிற்கின்றன. எந்த அலுவலகத்துக்குப் போன் செய்தாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். கண்ணாடி முன்னால் நின்று திருக்குறள் மனப்பாடம் செய்வதுபோல என் எண்ணை ஒப்பித்துப் பழகினேன்.

சரி, இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே தபால்பெட்டிக் கதைக்காகத்தான்.

லியோனை ஒட்டியிருக்கும் வில்லர்பான் என்ற ஊரில், கல்லூரிக்கு டிராமில் போகிற தூரத்தில், ஒரு பழைய கட்டடத்தில் சின்ன அறை கிடைத்தது. வங்கிக் கணக்கு திறந்தாகிவிட்டது. கார்டு ஒரு கடிதத்தில் வரும், ரகசிய எண் தனியாக இன்னொரு கடிதத்தில் வரும் என்றார்கள். ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். வரவில்லை. போன் செய்தேன், அனுப்பியாகிவிட்டது என்றார்கள். மறுபடி அனுப்பச் சொன்னேன். அதுவும் வரவில்லை. வாடகையில் ஒரு பகுதியை அப்போது அரசாங்கம் உதவித்தொகையாகத் தந்தது, அதற்கான கடிதமும் வரவில்லை. கொண்டுபோன நோட்டுகள் தீர்ந்துகொண்டே வந்தன. ஊரில் கேட்டால் "பணம் பத்தலையா?" என்று பதறுவார்கள். பணம் இருக்கிறது, எடுக்க முடியவில்லை என்பதை அம்மாவுக்கு எப்படிப் புரிய வைப்பது?

கியோத்தியேர் என்ற பகுதியில் ஓர் ஈழத்தமிழர் மளிகைக் கடை வைத்திருந்தார். அரிசி வாங்கப் போனபோது புலம்பினேன். அவர் பில் போட்டுக்கொண்டே தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "தம்பி, பெட்டியில என்ன பேர் ஒட்டினனீங்கள்?"

என் பெயர்தான் அண்ணா என்றேன்.

"பாஸ்போட்டில இருக்கிற பேரோ?"

அங்கேதான் எனக்கு உறைத்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அங்கே பெரும்பாலான அடுக்குமாடிக் கட்டட முகவரிகளில் வீட்டு எண், கதவு எண் எதுவும் கிடையாது. தெருப் பெயர், கட்டட எண், அவ்வளவுதான். கீழே வாசலில் வரிசையாகத் தகரப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்ச் சீட்டு. கடிதத்தில் இருக்கும் பெயர் பெட்டியில் இல்லாவிட்டால் அந்த ஆள் அங்கே இல்லை. அவ்வளவுதான் கணக்கு. நம் ஊர்த் தபால்காரர் மாதிரி "வாத்தியார் வீட்டு மேல்மாடி" என்று கண்டுபிடித்துக் கொண்டுவந்து தரமாட்டார். "பெறுபவர் இம்முகவரியில் இல்லை" என்று டிக் அடித்துத் திருப்பிவிடுவார்.

நான் பெட்டியில் ஒட்டியிருந்தது பள்ளிக்கூடத்திலிருந்து எழுதி வந்த பெயர். முன்னால் 'ஆ' என்ற இனிஷியல், பிறகு என் பெயர். பாஸ்போர்ட்டிலோ, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பாவின் பெயரான ஆறுமுகம் இருந்தது. விண்ணப்பித்த அன்று கட்டத்தைக் காலியாக விட்டால் பின்னால் தொல்லை என்று யாரோ சொல்லி நிரப்பியது. பிரான்சின் எல்லாக் கணினிகளுக்கும் நான் திரு. ஆறுமுகம். அந்த 'உ'வை அவர்கள் உதட்டைக் குவித்து 'இ'க்கும் 'உ'வுக்கும் நடுவில் சொல்வதால் அது "அரியுமியுகாம்" ஆகிவிடும். முதல் மாதம் கல்லூரியில் அப்படிக் கூப்பிட்டபோது, வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அரிசிப் பையோடு ஓடிவந்தேன். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மா, கார்தியென் என்பார்கள், வாசலில் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சையெல்லாம் திரட்டிக்கொண்டு, போன்ஜூர் மறக்காமல் சொல்லி, ஆறுமுகம் என்ற பெயருக்கு ஏதாவது கடிதம் வந்ததா என்று கேட்டேன்.

"வந்தது. நான்தான் தபால்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன். யார் அது?"

"என் அப்பா."

"அவர் இங்கே குடியிருக்கிறாரா?"

"இல்லை, இந்தியாவில்."

"பிறகு ஏன் அவருக்கு இங்கே கடிதம் வருகிறது?"

"அது எனக்கு வருகிற கடிதம்."

"அப்பாவுக்கு வரும் கடிதத்தை நீங்கள் பிரிப்பீர்களா?"

"இல்லை, மேடம். நான்தான் ஆறுமுகம்."

"இப்போதுதானே அப்பா என்றீர்கள்?"

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னையே பார்த்தார். எனக்கு வியர்த்துவிட்டது. எங்கள் பக்கம் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லை, அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொள்வோம் என்பதை ஏ1 பிரெஞ்சில் சொல்ல முடியுமா? நிகழ்காலத்தைத் தாண்டாதவன் நான். பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினேன். பார்த்தார். பிறகு குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்: "அப்பாவும் ஆறுமுகம், நீங்களும் ஆறுமுகம். எல்லா வீட்டிலும் அப்படித்தானே? இதில் என்ன குழப்பம்?"

அவரைப் பொறுத்தவரை குழப்பமே இல்லை. "என் அப்பா" என்று நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் பத்து நொடியில் முடிந்திருக்கும். உள்ளே போய் ஒரு வெள்ளைச் சீட்டும் தடித்த பேனாவும் கொண்டுவந்து என்னிடமே கொடுத்தார். அப்பா பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். அடுத்த வாரம் ரகசிய எண், அதற்கு இரண்டு நாள் கழித்து கார்டு.

இந்த இடத்தில் கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன், மன்னிக்கவும். நம் பெயர் முறையை அந்நியன் புரிந்துகொள்ளவில்லை என்று குறைப்பட எனக்கு மனசாட்சி இடம் தரவில்லை. நம் ஊரிலேயே புரியவில்லையே. கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பொதுவாகச் சொத்து அடமானம் கேட்பார்கள். எனக்கு 12 லட்சம் தேவைப்பட்டது, வீட்டைக் காட்டினோம். பட்டாவில் அப்பா "ஆறுமுகம்", ஆதாரில் "க. ஆறுமுகம்", பான் கார்டில் இனிஷியலை விரித்துக் "கந்தசாமி ஆறுமுகம்". வங்கியின் வக்கீல் இது மூன்று ஆளா ஒரே ஆளா என்று கேட்டுவிட்டார். அந்த மேனேஜருக்கு அப்பாவை இருபது வருடமாகத் தெரியும், எதிரே உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டே கேட்டார். மூவரும் ஒருவரே என்று சான்றிதழ் வாங்க அப்பா எட்டு நடை நடந்தார். வில்லர்பானில் அந்த அம்மாவுக்குப் பாஸ்போர்ட்டை ஒருமுறை காட்டினால் போதுமாக இருந்தது. இதைச் சொன்னால் "வெளிநாடு போயிட்டு வந்து நம்ம ஊரை மட்டம் தட்டுறான்" என்று பின்னூட்டம் வரும். வரட்டும். அங்கேயும் காகிதக் கொடுமை உண்டு. என் பிறப்புச் சான்றிதழை அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மொழிபெயர்த்து அனுப்பியும், நிரந்தரக் காப்பீட்டு எண் வர மாதக்கணக்கில் ஆனது. அங்கே கோப்பு தாமதமானது, அப்பா அலையவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

சீட்டு ஒட்டியபிறகு அந்தக் கார்தியென் அம்மாதான் என் பிரெஞ்சு டீச்சர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் வாசலில் இரண்டு வாக்கியம். குப்பைத் தொட்டியில் மஞ்சள் மூடி எதற்கு, ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை தேடி அலையாதே, இப்படி. அந்த ஊரில் டிசம்பர் 8 அன்று வீட்டு ஜன்னல்களில் சின்னக் கண்ணாடிக் குவளைகளில் மெழுகுவத்தி ஏற்றி வைப்பார்கள். 1852இல் ஃபூர்வியேர் குன்றில் மாதா சிலை வைத்ததிலிருந்து வரும் வழக்கம், இப்போது நான்கு நாள் ஒளி விழாவாகி ஊரே கூட்டத்தில் திணறும். 2022இல் நமக்குக் கார்த்திகைத் தீபம் டிசம்பர் 6 அன்று வந்தது. அகல் இல்லை, கடையில் அந்தக் குவளைகள்தான் குவித்துக் கிடந்தன. ஆறு வாங்கி ஜன்னலில் வைத்தேன். மறுநாள் காலை அவர் என்னை நிறுத்தி, "மெஸ்யூ அரியுமியுகாம், விழா நாளைக்குத்தான்" என்றார். இந்த முறை இறந்தகாலம், எதிர்காலம் எல்லாம் போட்டு, எங்கள் விழா நேற்று, உங்கள் விழாவுக்கும் நாளை வைப்பேன் என்று சொல்லி முடித்தேன். ஒரு தவறுதான் திருத்தினார்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். சமாளிக்கலாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் மூன்று வாரம் கூடுதலாகும். நேரம் இருந்தால் அடுத்த நிலையான ஏ2 முடித்துவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் 60 முதல் 99 வரை எண்களை மட்டுமாவது காதில் கேட்டு எழுதிப் பழகுங்கள், வாயால் சொல்வது அப்புறம். போன அன்றே, சூட்கேஸைத் திறப்பதற்கு முன்னால், பாஸ்போர்ட்டில் உள்ள குடும்பப் பெயரைப் பெட்டியில் ஒட்டுங்கள். அது யார் பெயர் என்று யாராவது கேட்டால் "என் பெயர்" என்று மட்டும் சொல்லுங்கள்.

சீட்டு ஒட்டிய அன்றே அதைப் படம் எடுத்து அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். மெட்ராஸைத் தாண்டாத மனுஷன் பெயர் பிரான்சில் ஒரு வாசலில் இருக்கிறதே, சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது.

"ஏன்டா, என் பேரைப் போட்டிருக்கியே, வாடகை பாக்கின்னா என்னையத் தேடிக்கிட்டு வருவானுங்களா?"