தன்பாலீர்ப்பு கொண்ட (கே) ஆண் ஒருவர் அப்பாவாக முடியுமா? உங்கள் அனுபவம் என்ன?

முடியும். "தெரியாமல் நடந்துவிட்டது" என்று சொல்லிக்கொள்ளும் பாக்கியம் மட்டும்தான் நமக்கில்லை. மற்றவர்கள் ஒரு மழைநாள் ராத்திரியில் முடித்துவிடும் காரியத்துக்கு எனக்கும் என் துணைவருக்கும் மருத்துவர், வழக்கறிஞர், மனநல ஆலோசகர் என்று எல்லோரும் தலையாட்ட வேண்டியிருக்கிறது. "உங்களுக்கு ஏன் குழந்தை வேண்டும்?" என்ற கேள்விக்கு நான் எழுத்தில் பதில் கொடுத்திருக்கிறேன், இரண்டு பக்கத்துக்கு மிகாமல். ஆறு பிள்ளை பெற்ற என் தாத்தாவிடம் யாரும் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

முதலில் வாடகைத்தாய் வழியைப் பார்த்தோம். எந்த நாட்டைத் தொட்டாலும் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். தாய்லாந்து 2015-இல் வெளிநாட்டவருக்கு மூடியது. அதே ஆண்டு நேபாளமும் மூடியது. இந்தியாவின் 2021 சட்டத்தில் மணமான தம்பதிக்கும், கணவரை இழந்த அல்லது விவாகரத்தான பெண்ணுக்கும் இடமுண்டு. தனி ஆணுக்கோ ஆண் ஜோடிக்கோ இல்லை. இத்தாலி 2024-இல் ஒரு படி மேலே போய், தன் குடிமக்கள் வெளிநாட்டில் செய்துகொண்டாலும் குற்றம் என்றது. இஸ்ரேல் 2022-இல் ஆண் ஜோடிகளுக்கு வழிவிட்டது, ஆனால் அங்கே எங்களுக்கு யாரையும் தெரியாது. தவிர, ஒருவரிடம் கருமுட்டை, இன்னொருவரிடம் கருப்பை என்று காசு கொடுத்து ஏற்பாடு செய்வது எனக்கு நெருடியது. துணைவருக்கு நெருடவில்லை. அந்தச் சண்டையைத் தனிப் பதிலாகத்தான் எழுத வேண்டும்.

தத்தெடுப்பிலும் நாட்டுக்கு நாடு வினோதம்தான். இந்திய விதிப்படி தனி ஆண் ஆண் குழந்தையை மட்டுமே தத்தெடுக்கலாம். தைவானில் 2019-லேயே ஒரே பாலினத் திருமணம் வந்தும், இருவருக்கும் ரத்த உறவில்லாத குழந்தையைச் சேர்ந்து தத்தெடுக்க 2023 வரை காத்திருந்தார்கள்.

கடைசியில் வழி காட்டியவள் என் கல்லூரித் தோழி. அவளும் அவள் துணைவியும் குழந்தைக்கு ஆசைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். "டேய், எங்ககிட்ட இருக்கறது உங்ககிட்ட இல்ல, உங்ககிட்ட இருக்கறது எங்ககிட்ட இல்ல. அப்புறம் என்னடா யோசனை?" என்றாள். இவ்வளவு தெளிவாக எந்த மருத்துவரும் விளக்கியதில்லை.

நால்வரும் சேர்ந்தே ஒரு குழந்தையைப் பெற்று வளர்ப்பது என்று முடிவானது. உடனே எங்கள் இருவருக்கும் விந்தணுப் பரிசோதனை. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி ஒரு மில்லிலிட்டரில் 1.6 கோடி விந்தணுக்கள் கீழ்வரம்பு; 42 சதவீதமாவது அசைய வேண்டும். ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும், அதற்குச் சூடும் ஆகாது என்பதால், அன்றிலிருந்து வெந்நீர்த் தொட்டி, மடியில் லேப்டாப், இறுக்கமான ஜட்டி எல்லாவற்றுக்கும் வீட்டில் தடை. சாம்பிள் எடுக்கும் அறையில் 'உதவிக்கு' என்று அடுக்கியிருந்த பத்திரிகைகளில் முழுக்கப் பெண்கள். சிகையலங்காரம் நன்றாக இருந்தது என்பதைத் தவிர எனக்கு எதுவும் தோன்றவில்லை. தாமதமானதும் ஊழியர் கதவைத் தட்டி, "வேணும்னா உங்க ஒய்ஃபை உள்ள அனுப்பட்டுமா சார்?" என்றார். வெளியே உட்கார்ந்திருந்த என் துணைவர், "நான் வரட்டுமா?" என்று சத்தமாகக் கேட்டாராம். அதற்குப் பிறகு யாரும் தட்டவில்லை.

முடிவு வந்தபோது அவருடையதுதான் துடிப்பாக நீந்துகிறது என்று தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு முன் கட்டிலை விட்டு இறங்காத மனிதர்! என்னுடையது தேர்ச்சிதான், ஆனால் அவசரமில்லாத ரகம். யாருடையதைப் பயன்படுத்துவது என்பதை மற்ற மூவரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். என்ன முடிவு என்பதை இங்கே சொல்வதாக இல்லை.

இதற்கெல்லாம் முன்னால் வழக்கறிஞரைப் பாருங்கள். விந்தணு கொடுத்தவர் சட்டப்படி அப்பாவா, வெறும் கொடையாளரா என்பது நாட்டையும், மருத்துவமனை வழியாகச் செய்தீர்களா வீட்டிலா என்பதையும் பொறுத்து மாறும். கனடாவின் ஒன்டாரியோவில், கருத்தரிக்கும் முன்பே எழுதி வைத்தால் நான்கு பேர் வரை நீதிமன்றம் போகாமலே பெற்றோராகப் பதியலாம். பெரும்பாலான நாடுகளில் இரண்டு பேருக்குத்தான் இடம். மற்ற இருவர் பள்ளி வாசலில் யார் என்று கேட்டால் என்ன சொல்வது என்பதை நீங்கள்தான் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் நால்வரும் ஓர் ஒப்பந்தம் எழுதினோம். தடுப்பூசி பற்றிய பிரிவு ஐந்து நிமிடத்தில் முடிந்தது. பள்ளிக்கூடம் பற்றியதற்கு ஒரு மாலைப்பொழுது ஆனது. யாராவது வேறு ஊருக்கு மாறினால், ஜோடி பிரிந்தால், புதுத் துணை வந்தால் என்று வந்தபோதுதான் நால்வரும் நிஜமாகவே வியர்த்தோம். தோழி ஒருமுறை எழுந்தே போய்விட்டாள். இப்போதைக்கு இறுதியான ஒரே பிரிவு இதுதான்: பதின்ம வயதில் பிள்ளை நால்வரில் யாரையாவது பார்த்து "நீ யாரு என்னைக் கேட்க?" என்றால் மற்ற மூவரும் சிரிக்கக் கூடாது.

அம்மாவிடம் போன வாரம்தான் சொன்னேன். பேரப்பிள்ளை இல்லையே என்று பல வருடம் அழுதவர், நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்போ பாட்டி நாலு பேராடா?" என்றார். ஆமாம் என்றேன். "சனிக்கிழமை எனக்கு. இப்பவே எழுதி வாங்கிடு."

மற்ற மூன்று பாட்டிகளும் சனிக்கிழமையைத்தான் கேட்கிறார்கள்.