நாரைக்கு வாத்துக்குஞ்சும் இரைதான்

கேள்வி: எங்கள் ஊர் ஏரியில் புள்ளிமூக்கு வாத்து ஒன்று குஞ்சுகளோடு நீந்திக்கொண்டிருந்தது. கரையோரம் அசையாமல் நின்ற சாம்பல் நாரை, குஞ்சுகளில் ஒன்றைக் கவ்வி விழுங்கிவிட்டது. மீன் தின்னும் பறவை இப்படியும் செய்யுமா? நாரைகளை விரட்டிவிட்டால் மற்றக் குஞ்சுகள் பிழைக்குமா?
- ஒரு வாசகி, செங்கல்பட்டு மாவட்டம்

பதில்: செய்யும். சாம்பல் நாரைக்கு மீனே முதன்மை உணவு என்றாலும், தவளை, பாம்பு, எலி, பறவைக்குஞ்சு எனத் தொண்டைக்குள் இறங்கக்கூடிய எதையும் அது விடுவதில்லை. அதன் கழுத்தெலும்புகளுள் ஆறாவது எலும்பு தனித்து நீண்டிருப்பதால், கழுத்து ‘எஸ்’ வடிவில் மடங்கிக் காத்திருக்கிறது. இரை எட்டும் தொலைவுக்கு வந்தவுடன் கண்ணிமைக்கும் நேரத்தில் நீண்டு பாய்கிறது. நீருக்குள் இருக்கும் மீன், ஒளிவிலகலால் அது உண்மையில் இருக்கும் ஆழத்தைவிடச் சற்று மேலே தெரியும் என்பதால், கண்ணுக்குத் தெரியும் இடத்துக்குக் கீழே குறிவைத்துத்தான் நாரை குத்த வேண்டியிருக்கிறது. நீர்மேல் மிதந்து வரும் குஞ்சுக்கு அந்தக் கணிப்புகூடத் தேவையில்லை. குஞ்சின் தலையையோ கழுத்தையோ கவ்வி, சில வேளை நீரில் அமிழ்த்தி, தலை முதலில் உள்ளே போகும்படி திருப்பி விழுங்கிவிடும். அந்தி சாய்ந்தபின் இரைதேடக் கிளம்பும் வக்காவும் பிற நீர்ப்பறவைகளின் குஞ்சுகளைத் தின்னும்.

ஆனால் நீண்ட கால்களோடு நீரில் நிற்கும் எல்லாப் பறவைகளையும் இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது. வேடந்தாங்கலில் கூடுகட்டும் மஞ்சள்மூக்கு நாரை, அலகைப் பாதி திறந்து கலங்கிய நீருக்குள் இருபுறமும் அசைத்தபடி நடக்கும். மீன் பட்ட கணமே அலகு மூடிக்கொள்ளும். கண்ணைவிடத் தொடு உணர்வையே நம்பும் வேட்டை அது. கரண்டிவாயனும் அப்படித்தான் நீரைத் துழாவுகிறது. சின்னக் கொக்கோ, மஞ்சள் நிற விரல்களால் சேற்றைக் கிளறி, வெருண்டோடும் சிறு மீன்களையும் பூச்சிகளையும் கொத்துகிறது. இவற்றால் வாத்துக்குஞ்சுகளுக்குப் பெரிய ஆபத்து எதுவும் இல்லை.

நாரையை விரட்டுவதால் குஞ்சுகள் பிழைத்துவிடும் என்று நான் கருதவில்லை. வாத்துக்குஞ்சு பொரித்து ஓரிரு நாளிலேயே கூட்டைவிட்டு வெளியேறிவிடுகிறது; தாய் வழிகாட்டுமே தவிர, இரையை ஊட்டுவதில்லை. பூச்சி தேடிக் கரையோரம் அலைந்தாக வேண்டும், பறப்பதற்கோ ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். அதுவரை மேலிருந்து பருந்தும் காகமும், கீழிருந்து பெரிய விரால் மீனும், கரையில் கீரியும் நாயும் பூனையும் அதற்குப் பகைதான். தென்னிந்தியாவில் இந்த வாத்துகள் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டியே குஞ்சு பொரிப்பதால், தாயின் சிறகடியில் ஒண்ட முடியாமல் போகும் இளங்குஞ்சுகள் நனைந்து குளிரில் விறைத்தும் சாகின்றன. ஒரே ஈட்டில் ஏழெட்டு முட்டைகளுக்கு மேலும் இடுவதற்கு இந்த இழப்புகளே காரணம். கல்லெறிந்து நாரையை விரட்டினால் தாயும் மிரண்டு விலகும். சிதறிய குஞ்சுகள் காகத்துக்கு எளிதில் அகப்படும்.

அவற்றைக் காப்பது மறைவிடம். ஆபத்தை உணர்ந்த தாய், சிறகொடிந்ததுபோல் நீரை அடித்துக்கொண்டு எதிரியைத் தன் பின்னே இழுத்துச் செல்லும் நேரத்தில், குஞ்சுகள் போய்ப் பதுங்குவதற்குக் கோரையும் சம்பும் நாணலும் அடர்ந்த கரை வேண்டும். ஏரியை அழகுபடுத்துகிறோம் என்று அவற்றை முற்றாக வழித்தெடுத்துச் சுற்றிலும் செங்குத்தாகக் கருங்கல் பதிக்கும் வேலை எனக்குப் பெருங்கவலை தருகிறது. அத்தகைய கரையில் குஞ்சுகள் ஒளியவும் முடியாது, ஏறிக் குளிர்காயவும் முடியாது. கரையின் ஒரு பகுதியையாவது சரிவாகவும் கோரையோடும் விட்டுவைக்கும்படி உங்கள் ஊராட்சியிடம் கேளுங்கள்.

கேள்வி: தனித்துக் கிடக்கும் வாத்துக்குஞ்சை வீட்டில் வளர்க்கலாமா?
- ஒரு வாசகர், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: கூடாது. காட்டு வாத்துகளைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மனிதர் கை பட்ட குஞ்சைத் தாய் ஒதுக்கிவிடும் என்பதும் உண்மையன்று. தாயும் மற்றக் குஞ்சுகளும் தென்பட்டால், அருகிலுள்ள கோரைப் புதரின் ஓரத்தில் குஞ்சை விட்டுவிட்டுத் தொலைவுக்கு விலகி நில்லுங்கள். அதன் கத்தலைக் கேட்டுத் தாய் வருவதற்கு வாய்ப்பு உண்டு. காயம்பட்டிருந்தால் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் வைத்து வனத்துறையினரிடம் ஒப்படையுங்கள்.