குழந்தையின் மரபணு முதல் ஆறு வரை: மனிதன் கை வைப்பது எதுவரை சரி?

கேள்வி: "மரபணு திருத்திய குழந்தை, அணை கட்டிய ஆறு என்று எல்லாவற்றிலும் மனிதன் கை வைக்கிறான். இதனால் இயற்கை என்ன ஆகிறது? எதுவரை சரி?"

நான் விஞ்ஞானி இல்லை. கோயம்புத்தூரில் கணக்கு எழுதிப் பிழைக்கிறேன். சொந்த ஊர் சீர்காழிக்குக் கிழக்கே, காவிரிப் பாசனத்தின் கடைமடை, அதாவது தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். கேள்வியில் இருக்கும் இரண்டுமே, ஆறும் சரி குழந்தையும் சரி, எங்கள் வீட்டுக்குள் வந்து போனவை. அந்தத் துணிச்சலில் எழுதுகிறேன்.

முதலில் ஆறு. எங்கள் ஊரில் நின்று சுற்றிப் பார்த்தால் மனிதன் கை படாத இடம் ஒரு சாண் கிடையாது. வயல் வெட்டியது, வாய்க்கால் தோண்டியது, வரப்பு போட்டது. கல்லணைக்கு ஏறத்தாழ 2000 வயது என்கிறார்கள். அதனால் "இயற்கையைத் தொடாதே" என்று யாராவது மேடையில் பேசினால் எனக்குச் சிரிப்புதான் வரும். தொடாமல் விட்டிருந்தால் நாங்கள் சோறு தின்றிருக்க மாட்டோம்.

ஆனால் 1934இல் கட்டி முடித்த மேட்டூர் அணை வேறு மாதிரி விஷயம். நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்ற கணக்கை எங்கள் அப்பா தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இன்றைக்கும் காலையில் எழுந்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி "மேட்டூர் எவ்வளவு?" என்பதுதான். அணையால் டெல்டாவுக்குக் கிடைத்த நன்மையை நான் மறுக்கவில்லை. வெள்ளம் அடங்கியது, ஜூன் 12 திறப்பு என்று குறுவை நெல்லுக்கு ஒரு தேதி கிடைத்தது (அந்தத் தேதி தவறிய ஆண்டுகள் தனிக்கதை). போனது என்ன என்பது மட்டும் யார் கணக்கிலும் சரியாக ஏறவில்லை.

உல்லம் மீனை எடுத்துக்கொள்ளுங்கள். வங்காளிகள் உயிரை விடும் ஹில்சாதான் அது. கடலில் வளர்ந்து, முட்டை போட மழைக்கால வெள்ளத்தை எதிர்த்து நன்னீருக்குள் ஏறும் மீன். காவிரியிலும் கொள்ளிடத்திலும் ஒரு காலத்தில் ஏறியது. ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836 வாக்கில் கொள்ளிடத்தில் அணைக்கரைக் கீழணையைக் கட்டியபோது முதல் தடை விழுந்தது. இப்படிப்பட்ட தடுப்புகள் மீன் ஏற்றத்தை எப்படி மறிக்கின்றன என்று மீன்களை ஆராய்ந்த பிரான்சிஸ் டே 1873இலேயே அரசுக்கு அறிக்கை எழுதிவிட்டார். மேட்டூர் வந்ததும், மீனுக்கு "புறப்படு" என்று சொல்கிற அந்தப் புதுவெள்ளமே அணைக்குள் நின்றுபோனது. என் தாத்தாவுக்கு உல்லத்தின் ருசி தெரியும். அப்பாவுக்குப் பெயர் மட்டும் தெரியும். நான் அதைப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அந்த இடத்துக்கு வேறு மீன்கள் வந்தன. கட்லாவும் ரோகுவும் வடக்கத்தி ஆறுகளின் மீன்கள், நாமே கொண்டுவந்து விட்டவை. ஜிலேபிக் கெண்டை ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, 1952இல் இலங்கை வழியாக ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் என்ற ஊருக்கு வந்தது. இன்று "ஆத்து மீனு, ஆத்து மீனு" என்று கூவி விற்பதில் பாதிக்கு இந்த ஆறு பிறந்த வீடே இல்லை. கெடுதல் என்று சொல்லவில்லை, ஏழை வீட்டுக் குழம்பில் ஜிலேபிதான் கொதிக்கிறது. ஆனால் ஒரு ஆறு பெயரை மாற்றாமலே ஆளை மாற்றிக்கொண்டது என்பது உண்மை.

மீனை விடக் கனமான விஷயம் வண்டல். ஆறு தண்ணீரை மட்டும் கொண்டுவருவதில்லை, மண்ணையும் கொண்டுவருகிறது. அந்த மண்ணால்தான் டெல்டா உண்டானது. அது இப்போது அணையின் அடியில் படிகிறது. மிச்சம் வருகிற மணலை லாரிகள் அள்ளிக்கொண்டு போகின்றன. கீழே ஆற்றின் படுகை தாழ்ந்து, நல்ல தண்ணீரின் தள்ளலும் குறைய, கடல் உள்ளே வருகிறது. எங்கள் வீட்டு அடிபம்பில் நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் குடிக்கத் தண்ணீர் எடுத்தோம். இப்போது அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. உல்லம் ஏறிய வழியில் இப்போது உப்பு ஏறுகிறது.

மேட்டூரில் அணை கட்டியவர்களுக்கு எங்கள் அடிபம்பு மேல் எந்தப் பகையும் கிடையாது. அவர்கள் நினைத்துப் பார்க்கவே இல்லை, அவ்வளவுதான். தலைமடையில் ஷட்டரைத் திருகுகிறவருக்குக் கடைமடை கண்ணுக்குத் தெரியாது.

சரி, குழந்தை விஷயத்துக்கு வருகிறேன். என் மனைவிக்கு மூன்றாம் மாதம் நடக்கும்போது டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவிக் குரோமோசோம் கோளாறுக்கான வாய்ப்பு 190இல் 1 என்று வந்தது. டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார்: "இது நோய் இருக்குன்னு சொல்றது இல்ல, வாய்ப்பு மட்டும்தான்." எங்கள் காதில் அந்த "மட்டும்தான்" விழவில்லை. அப்புறம் ஊசி போட்டுப் பனிக்குட நீர் எடுத்து, முடிவு வரப் பதினைந்து நாள் காத்திருந்தோம். அந்தப் பதினைந்து நாளும் வீட்டில் யாரும் டிவி போடவில்லை. முடிவு நல்லபடியாக வந்தது, மகளுக்கு இப்போது ஆறு வயது. வேறு மாதிரி வந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று நானும் மனைவியும் இதுவரை பேசிக்கொண்டதில்லை.

அந்த ஸ்கேன் அறை வாசலில் ஒரு பலகை இருந்தது, நீங்களும் பார்த்திருப்பீர்கள்: கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று தெரிவிக்கப்படமாட்டாது. அந்தப் பலகைக்குப் பின்னால் 1994ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதற்கும் முன்னால், 1992இல், பெற்றவர்கள் வேண்டாம் என்ற பெண் குழந்தைகளை அரசே வாங்கிக்கொள்ளும் தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்க வேண்டி வந்த வரலாறு இருக்கிறது. நாட்டில் ஆறு வயதுக்கு உட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 1991இல் 945 பெண் குழந்தைகள், 2011இல் 919. மரபணுவை யாரும் வெட்டவில்லை, ஒட்டவில்லை. ஒரு ஸ்கேன் கருவியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீடும் தனித்தனியாக, "நம்ம வீட்டு விஷயம்தானே" என்று எடுத்த முடிவுகளுக்கு அதில் பெரிய பங்கு. மரபணு என்றவுடன் சீனாவைக் கைகாட்டுகிறவர்கள் இதையும் கொஞ்சம் பார்க்கலாம்.

சீனாவில் நடந்தது இது. 2018 நவம்பரில் ஹே ஜியான்குய் என்ற விஞ்ஞானி, மரபணுவைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறையில் கருவிலேயே கை வைத்து இரட்டைப் பெண் குழந்தைகளைப் பிறக்க வைத்ததாக அறிவித்தார். அப்பாவுக்கு எச்.ஐ.வி. இருந்தது. அந்தக் கிருமி செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் சி.சி.ஆர்.5 என்ற கதவை அடைத்துவிட்டால் குழந்தைகளுக்குத் தொற்றாது என்பது திட்டம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்பாவிடமிருந்து தொற்றாமல் தடுக்க, விந்தணுவைக் கழுவிப் பிரிக்கும் எளிய முறை ஏற்கெனவே உண்டு. அதை அவரே செய்தும் இருந்தார். போகட்டும், கதவையாவது ஒழுங்காக அடைத்தாரா? ஐரோப்பியர் சிலரிடம் இயற்கையாக இருப்பது அந்த மரபணுவில் 32 எழுத்து விடுபட்ட மாற்றம். குழந்தைகளிடம் உண்டானது அது இல்லை, அதற்கு முன் யாரிடமும் சோதித்துப் பார்க்காத புது மாற்றங்கள். ஒரு குழந்தைக்கு மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று மாறாமலே இருந்தது. சி.சி.ஆர்.5 இல்லாதவர்களை கொசுவால் பரவும் வெஸ்ட் நைல் வைரஸ் கடுமையாகத் தாக்கும் என்பதும் முன்பே தெரிந்த சங்கதி. 2019 டிசம்பரில் நீதிமன்றம் அவருக்கு மூன்று ஆண்டு சிறையும் 30 லட்சம் யுவான் அபராதமும் விதித்தது. 2022இல் வெளியே வந்துவிட்டார்.

அதே கிரிஸ்பரை வைத்து நல்லதும் நடக்கிறது. ரத்த அணு அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோயான அரிவாள் செல் ரத்தசோகைக்கான சிகிச்சை ஒன்றுக்கு 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதி கொடுத்தது. நோயாளியின் ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்லை எடுத்து, திருத்தி, அவருக்கே திரும்பச் செலுத்துகிறார்கள். இந்தியாவில் அந்த நோயை முதலில், 1952இல், கண்டறிந்தது நம் நீலகிரிப் பழங்குடிகளிடம்தான். விலை மட்டும் கட்டுப்படியானால் முதலில் கேட்க வேண்டியவர்கள் நாம். அந்தத் திருத்தம் அந்த ஒருவரின் ரத்தத்தோடு முடிந்துவிடும், பிள்ளைகளுக்குப் போகாது. கருவில் செய்தது அப்படி இல்லை, வாய்க்கால் போல இறங்கிக்கொண்டே போகும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: இந்த அரிவாள் செல் மரபணு ஒரே ஒரு பிரதி இருந்தால் மலேரியாவிடமிருந்து காப்பாற்றுகிறது. கெட்டது என்று முத்திரை குத்தி வேரோடு பிடுங்கப் போகிறவர், அது ஏன் அத்தனை தலைமுறை நிலைத்தது என்று கேட்டுவிட்டுக் கை வைப்பது நல்லது.

ஆற்றிலாவது சில சமயம் திரும்பிப் போக முடிகிறது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் எல்வா ஆற்றில் 1913இலும் 1927இலும் கட்டிய இரண்டு அணைகளை 2011 முதல் 2014 வரை இடித்தே விட்டார்கள். சட்டப்படி சால்மன் மீன் ஏற வழி விட்டிருக்க வேண்டும். விடவில்லை. அதற்குப் பதிலாக வைத்த குஞ்சு பொரிப்பகத்தையும் 1922இல் மூடிவிட்டார்கள். இடித்தபோது, தேங்கிக் கிடந்தது சுமார் 2 கோடி கன மீட்டர் மண். அதில் பெரும்பகுதி இறங்கிப் போய் முகத்துவாரத்தில் புதுக் கரையையே உண்டாக்கியது. சால்மன் பழைய இடங்களுக்கு ஏறிப் போய் முட்டையிட்டது. மேட்டூரை இடி என்று நான் சொல்லவில்லை, சொன்னால் அப்பா என்னை வீட்டுக்குள் விடமாட்டார். தேர்ந்தெடுத்து இடிக்க முடிகிறது, அதற்கு நூறு ஆண்டு கழித்தாவது ஒரு வழி இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

அதனால் நீங்கள் கேட்ட "எதுவரை" என்பதற்கு என்னிடம் கோடு எதுவும் கிடையாது. செய்ததைத் திரும்ப எடுக்க முடியுமா, கடைமடையில் இருப்பது யார் என்ற இரண்டை மட்டும் விசாரிப்பேன். கரு விஷயத்தில் கடைமடைக்காரர்கள் இன்னும் பிறக்கவே இல்லை.

அந்தச் சீனச் செய்தியை ஒருமுறை ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவிடம் விளக்கிச் சொன்னேன். கிரிஸ்பர், சி.சி.ஆர்.5 எல்லாம் கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்துக்கொண்டே ஒன்றுதான் கேட்டார்: "அந்தப் புள்ளைங்களுக்குக் கல்யாணம் பேசுறப்ப, மாப்பிள்ளை வீட்டுல இதச் சொல்லுவாங்களா?"