சைக்கிளின் பழைய 7 ஸ்பீடு பின்சக்கர ஹப்பில் 9 ஸ்பீடு கேசட் (பல்சக்கரங்களின் அடுக்கு) போட முடியுமா?

ஒன்பதும் ஏறாது. ஒரு பல்சக்கரத்தை எடுத்துவிட்டு எட்டாகப் போடலாம். நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

முதலில், உங்களுடையது கேசட்தானா? பின்சக்கரத்தைக் கழற்றிப் பற்களைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். கழற்றும் டூல் உட்காரும் பள்ளமும் கூடவே சுற்றினால் கேசட். அது சும்மா இருந்து பற்கள் மட்டும் சுற்றினால் ஃப்ரீவீல், அதாவது ஹப்பில் மரையோடு திருகி ஏற்றும் வகை. இந்தப் பதில் உங்களுக்கு உதவாது.

நான் முதலில் வாங்கியது 8 ஸ்பீடு கேசட். கிரீஸ் தடவி ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே வந்தேன். கடைசியாக 11 பல் சக்கரத்தை வைத்தால், அதற்கு அடியில் பிடிக்க ஒன்றுமே இல்லை. அந்தரத்தில் கிறுகிறுவென்று சுற்றுகிறது. எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கும் லாக்ரிங் மரையை எட்டவே இல்லை. பிறகுதான் தெரிந்தது: 7 ஸ்பீடு பாடியின் (ஹப்பில் கேசட் ஏறி உட்காரும் உருளை) நீளம் சுமார் 31 மி.மீ., 8, 9 ஸ்பீடுக்கானது சுமார் 35. "எல்லா ஹப்புக்கும் பொருந்தும்" என்று விற்றவர், திருப்பிக் கொடுக்கப் போனால் கிரீஸ் பட்டுவிட்டது என்கிறார். பட்டால்தானே ஐயா தெரியும் பொருந்தாதென்று!

9 ஸ்பீடில் பல்சக்கரங்கள் 4.34 மி.மீ. இடைவெளியில் நெருக்கமாக நிற்கும். 7 ஸ்பீடில் அது 5 மி.மீ. அதனால் ஒன்பதில் எட்டை அடுக்கினால் ஏறக்குறைய பழைய ஏழின் அகலம்தான் வரும். 11-32 கேசட்டில் நான் 12 பல்லை, அதன் ஸ்பேசரோடு எடுத்தேன். 11இலிருந்து ஒரே தாவாக 14. இறக்கத்தில் மட்டும் காலுக்கு உறைக்கும். ஷிஃப்டரும் செயினும் 9 ஸ்பீடுக்கானவை வேண்டும். ஷிஃப்டரில் மிச்சமிருக்கும் ஒரு கிளிக்கை, செயினை நகர்த்தும் டிரெய்லியரின் லிமிட் ஸ்க்ரூவால் அடைத்துவிடலாம்.

"10 மி.மீ. ஆலன் கீ போட்டு பாடியையே மாற்றலாமே" என்று யாராவது வருவீர்கள். மாற்றலாம், மறுக்கவில்லை. பிறகு ஆக்சிலில் வாஷர் சேர்க்க வேண்டும், ரிம்மை நடுவுக்கு இழுக்க வேண்டும். நான் சக்கரத்தின் கோட்டம் எடுக்க உட்கார்ந்தால் இருந்ததைவிட அதிகமாகிவிடும்.

இன்னொன்று. பாடியின் ஒன்பது பள்ளங்களும் ஒரே அகலமாக இருந்தால் அது ஷிமானோவின் பழைய யூனிகிளைடு வகை. இன்றைய கேசட் அப்படியே நுழையாது.

எதையும் வாங்குமுன் பாடியை அளந்துவிடுங்கள். நான் ஏன் அளக்கவில்லை என்றால், என் வெர்னியரை மச்சான் இரவல் வாங்கிப்போய் இரண்டு வருஷம் ஆகிறது. கேட்டால் "ஸ்கேல் போதாதா?" என்கிறான். வாங்கிப்போன அன்றைக்கு அவனுக்கு ஏன் போதவில்லையாம்?